ஒற்று மிகும் இடத்தில் தேடல் தவறும்: நொட்மச்சுடன் ஆறு ஆண்டுகள்

சென்ற மாதம் என் மடிக்கணினியின் எஸ்எஸ்டி முன்னறிவிப்பு எதுவுமின்றி ஒரே இரவில் செத்துப்போனது. திருத்துமிடத்திலிருந்து புதிய வட்டுடன் கணினி திரும்பி வந்த அன்று மாலை, தம்பலகாமத்திலிருந்து நண்பன் அழைத்தான். "மச்சான், நீ பாவிக்கிற அந்த மெயில் புரோகிராம எனக்கும் போட்டுத் தருவியா? எதைக் கேட்டாலும் ரெண்டு செக்கனில எடுத்துத் தாறாயே" என்றான். வேறொரு நாளில் கேட்டிருந்தால் அரை மணிநேரம் புகழ்ந்திருப்பேன். அன்றைக்கு நான் இருந்த நிலையில், "பிறகு சொல்கிறேன்" என்று மட்டுமே சொல்ல முடிந்தது. அந்தப் பிறகுதான் இது.

நண்பன் கேட்ட அந்த நிரலின் பெயர் நொட்மச். அது என்னவென்று இதைப் படிப்பவர்கள் பெரும்பாலும் அறிந்திருப்பீர்கள். 2009இல் கார்ல் வொர்த் தொடங்கிய திறந்த மூல நிரல் அது. அஞ்சலைப் பெறுவதும் அனுப்புவதும் அதன் வேலையல்ல; அவற்றை வேறு நிரல்களிடம் விட்டுவிட்டு, வட்டில் ஏற்கெனவே கிடக்கும் அஞ்சல்களைச் சேப்பியன் என்ற தேடல் நூலகத்தின் துணையுடன் அட்டவணைப்படுத்துவதும், அவற்றின்மேல் நாம் விரும்பும் குறிச்சொற்களை ஒட்டுவதும் மட்டுமே அதன் தொழில். நான் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் இடையே ஆவணங்களை மொழிபெயர்க்கிறவன். காணி உறுதிகள், பிறப்புச் சான்றிதழ்கள், சத்தியக் கடதாசிகள் என்று வருவதும் போவதும் எல்லாம் மின்னஞ்சலில்தான். ஆறு ஆண்டுகளில் சேர்ந்தவை நாற்பத்தோராயிரத்துக்குச் சற்று மேல்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போகப் போக எனக்குக் கோபம் வரும். 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு வந்தபோது, வீட்டு ரூட்டரும் இல்லை, கைபேசிக் கோபுரமும் பாதி நேரம் இல்லை. திருகோணமலை உவர்மலையில் மெழுகுதிரி வெளிச்சத்தில் உட்கார்ந்து, பற்றரியில் எஞ்சியிருந்த நாற்பது நிமிடங்களுக்குள், 2019இல் வந்த ஒரு திருமணச் சான்றிதழைத் தேடி எடுத்து வேலையை முடித்தேன். அஞ்சல் முழுவதும் என் வட்டில், அட்டவணையும் என் வட்டில். யாருடைய வழங்கியிடமும் கையேந்த வேண்டியிருக்கவில்லை. அந்த ஒரு மாதத்துக்காக இந்த நிரலுக்கு நான் எதையும் மன்னிப்பேன் என்று அப்போது நினைத்தேன்.

குறிச்சொற்களும் அப்படித்தான். கோப்புறை என்றால் ஓர் அஞ்சல் ஓரிடத்தில்தான் இருக்கும். நொட்மச்சில் ஒரே அஞ்சல் 'காணி'யாகவும், 'அவசர'மாகவும், 'காசு வரவில்லை'யாகவும் ஒரே நேரத்தில் இருக்கலாம். மூன்றாவது குறிச்சொல்லைப் போல எனக்கு வருமானம் ஈட்டித் தந்த வேறொரு மென்பொருள் வசதி இல்லை. குறிச்சொல்லைத் தமிழில் வைத்தாலும் அது முகம் சுளிப்பதில்லை. புதிய அஞ்சல் வந்தவுடன் ஓடும் சிறு கட்டளைத் தொகுப்பொன்றை எழுதி வைத்துவிட்டால், அனுப்புநரையும் பொருளையும் பார்த்துக் குறிச்சொற்கள் தாமாகவே ஒட்டிக்கொள்ளும்.

ஆனால் அவை ஒட்டிக்கொண்டிருப்பது அஞ்சலில் அல்ல. அஞ்சல் கோப்பின் உள்ளே நொட்மச் எதையும் எழுதுவதில்லை. நாம் வைக்கும் குறிச்சொற்கள் அனைத்தும் அதன் தரவுத்தளத்துக்குள் மட்டுமே வாழ்கின்றன. தரவுத்தளம் போனால் அவையும் போகும். இதற்கென்றே எல்லாக் குறிச்சொற்களையும் ஓர் உரைக்கோப்பாக வெளியே எழுதி வைக்கும் கட்டளை ஒன்று உண்டு. அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தால், தமிழ் எழுத்துக்குப் பதிலாக விழுக்காட்டுக் குறிகளின் ஊர்வலம்தான் தெரியும். 'காணி' என்ற இரண்டெழுத்துச் சொல் அங்கே முப்பத்தாறு குறிகளாக நீண்டு கிடக்கும். திரும்ப ஏற்றினால் ஒன்றும் பிசகாமல் வந்துவிடும். பிசகியது நான்தான்: கடைசியாக அந்தக் கட்டளையை நான் இயக்கி நான்கு மாதங்கள் ஆகியிருந்தன.

ஆகவே புதிய வட்டில் அஞ்சல்கள் அனைத்தும் இரண்டு நாட்களில் வழங்கியிலிருந்து இறங்கி வந்தன, பழைய குறிச்சொற்களும் வந்து அமர்ந்தன, ஆனால் இந்த நான்கு மாதத்து அஞ்சல்கள் மட்டும் குறியேதுமின்றி நின்றன. பரவாயில்லை, தேடி எடுத்து மறுபடி ஒட்டிவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஆறு ஆண்டுகளாக இந்த நிரலின் தேடலை நான் உண்மையில் பயன்படுத்தவேயில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. நான் தேடியதெல்லாம் என் குறிச்சொற்களைத்தான். நண்பன் வியந்த அந்த இரண்டு செக்கன் வேகமும் அவற்றின் வேகம்தான்.

'காணி' என்று தேடினேன். நான்கு மாதத்தில் குறைந்தது எண்பது அஞ்சல்களாவது இருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். இருபதுக்கும் குறைவாகவே வந்தன. வந்தவற்றைப் பார்த்தபோது அவை பெரும்பாலும் பிறர் எழுதியவை என்பதைக் கவனித்தேன். நான் எழுதியவை எங்கே? ஒன்றைத் தேதியை வைத்துக் கண்டுபிடித்துத் திறந்தேன். "காணிப் பதிவகத்திலிருந்து பெற்ற பிரதியை இணைத்துள்ளேன்" என்று தொடங்கியது. இன்னொன்று, "காணிக் கச்சேரி தொடர்பான கடிதம்." மற்றொன்று, "காணியைப் பார்வையிட்ட பின்." ஒற்று மிக வேண்டிய இடத்தில் ஒற்று, உருபு ஏற வேண்டிய இடத்தில் உருபு. பள்ளியில் ஆசிரியர் காதைத் திருகிக் கற்றுத் தந்த அத்தனை விதிகளையும் நான் கடைப்பிடித்திருந்தேன், அதற்கான தண்டனையாகத் தேடல் என்னைக் கைவிட்டிருந்தது. 'காணிப்' என்பது அதற்குக் 'காணி' அல்ல. முற்றிலும் வேறொரு சொல். "காணி பதிவு விசயமா" என்று ஒற்றெழுத்தைக் காற்றில் விட்டு எழுதும் என் தம்பலகாமத்து நண்பனின் அஞ்சல்களோ ஒன்றுவிடாமல் வந்து நின்றன.

இதே நிரல் ஆங்கிலத்தை நடத்தும் விதம் வேறு. ஆங்கிலச் சொல்லொன்றின் ஒருமையைத் தேடினால் பன்மையும் கிடைக்கும், வினையின் ஒரு வடிவத்தைத் தேடினால் மற்றவையும் வரும், ஏனென்றால் அட்டவணைப்படுத்தும்போதே சொல்லின் ஈறுகளை வெட்டி வேரையும் சேர்த்து எழுதி வைக்கிறார்கள். வெட்ட வேண்டிய மொழி ஆங்கிலம் என்பது அமைப்புக் கோப்பில் நாம் மாற்றக்கூடிய தெரிவாகக்கூட இல்லை. மூலக்குறியிலேயே நேரடியாக எழுதப்பட்டிருக்கிறது. சொல்லிடைவெளி இல்லாத சீன, ஜப்பானிய மொழிகளுக்காக எழுத்துக்களைத் துண்டு துண்டாக அட்டவணைப்படுத்தும் வழியொன்றைச் சேப்பியன் வைத்திருக்கிறது. தமிழ் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது: இடைவெளி இருப்பதால் சீனத்தின் சலுகை இல்லை, ஆங்கிலம் அல்லாததால் ஈறு வெட்டலும் இல்லை.

நட்சத்திரக் குறி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. சொல்லின் முடிவில் அதைப் போட்டால், அப்படித் தொடங்கும் எல்லாச் சொற்களையும் கொண்டுவரும். 'காணி'யின் பின்னால் நட்சத்திரத்தைப் போட்டேன். காணியை, காணிக்கு, காணிப் எல்லாம் வந்தன. கூடவே, ஒரு கோயிலின் வரவு செலவுக் கணக்கை மொழிபெயர்த்தபோது வந்துபோன காணிக்கைப் பட்டியல்கள் முழுவதும் வந்தன. அதைப் பொறுத்துக்கொள்ளலாம். அடுத்து 'நிலம்' வேண்டும். நிலம், நிலத்தை, நிலங்கள் என்று மகரம் கெட்டுத் திரியும் சொல்லுக்குப் பொதுவான தொடக்கம் 'நில' என்பது மட்டுமே. அதன்பின் நட்சத்திரத்தைப் போட்டேன். திரை நிரம்பி வழிந்தது: நிலுவைத் தொகை, பொலிஸ் நிலையம், தற்போதைய நிலைமை, இவற்றோடு நிலாவெளியில் விடுதி நடத்தும் ஒருவருக்கு நான் செய்து கொடுத்த அறை வாடகைப் பட்டியல்கள் அத்தனையும். யுனிகோட்டில் லகரத்தை அடுத்து வரும் கால் தனிக் குறியாகச் சேமிக்கப்படுவதால், 'நில' என்ற மூன்று குறிகளும் 'நிலா'வின் முதல் மூன்று குறிகளாகவும் இருந்துவிடுகின்றன. கண்ணுக்கு அகரமும் ஆகாரமும் வேறு. கணினிக்கு ஒன்றின் தொடர்ச்சி மற்றொன்று. திருகோணமலையில் இருந்துகொண்டு நிலம் தேடுகிறவன் நிலாவெளிக்குப் போகாமல் இருக்க முடியாது போலும்.

இதே குறைபாடு ஓரிடத்தில் வரமாகவும் ஆகிறது என்பதை நியாயத்துக்காகச் சொல்ல வேண்டும். 'வீட' என்று எழுதி நட்சத்திரம் போட்டால் வீடு, வீட்டை, வீட்டின், வீடுகள் அனைத்தும் ஒரே வீச்சில் கிடைக்கும், உகரமும் புள்ளியும் டகரத்தின்மேல் ஏறும் தனிக் குறிகள் என்பதால். வீடியோவும் கிடைக்கும். எனக்கு வீடியோ அஞ்சல்கள் குறைவு, அதனால் மகிழ்ச்சி.

யுனிகோட்டுக்கு முந்திய பாமினி எழுத்துருவைப் பற்றிச் சொல்லாமல் இலங்கைத் தமிழர் எவரும் தேடலைப் பற்றி எழுத முடியாது. பழைய ஆவணங்களிலிருந்து வெட்டி ஒட்டப்பட்ட பந்திகள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அந்த எழுத்துருவில் எழுதிய 'காணி' அஞ்சலுக்குள் எஃப், எச், இசட், பி என்ற நான்கு ஆங்கில எழுத்துக்களாகக் கிடக்கிறது. அதையே தேடினால் கிடைத்துவிடும். பாமினி விசைப்பலகை விரல்களில் ஊறியவர்களுக்கு அது தமிழில் தட்டுவது போலத்தான். சிக்கல் புள்ளியில் இருக்கிறது. பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி என்பது ஓர் அரைப்புள்ளி. அரைப்புள்ளியைக் கண்டவுடன் அட்டவணை சொல்லை முறித்துவிடும். 'பத்திரம்' என்பது தகர ஒற்றோடு முறிந்து இரண்டு அர்த்தமற்ற சொற்களாகிவிடுகிறது. இரண்டையும் மேற்கோள் குறிக்குள் அடுத்தடுத்து எழுதித் தொடராகத் தேடினால் கிடைக்கும் என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஓர் இரவு பிடித்தது. அந்தக் கண்டுபிடிப்பின் களிப்பில் விடியும்வரை தேவையில்லாத பத்திரங்களையெல்லாம் தேடிக்கொண்டிருந்தேன்.

இறுதியில் நானே ஒரு சிறு நிரல் எழுதினேன். ஒரு பெயர்ச்சொல்லைக் கொடுத்தால் அதன் வேற்றுமை வடிவங்களை உண்டாக்கி, ஒற்று மிகக்கூடிய ஒவ்வொரு வடிவத்துக்கும் க், ச், த், ப் என்ற நான்கையும் ஒட்டி, எல்லாவற்றையும் 'அல்லது' என்று கோத்து நொட்மச்சிடம் கொடுக்கும். 'நிலம்' என்ற ஒரு சொல் அறுபதுக்கும் மேற்பட்ட சொற்களாகப் போகிறது. விடை அப்போதும் ஒரு செக்கனுக்குள் வந்துவிடுகிறது என்பதில் சேப்பியனை வணங்குகிறேன். உம்மையும் ஏகாரமும் 'தான்' என்பதும் ஒட்டிக்கொண்டால் என் நிரல் திணறுகிறது. இது வேண்டிய இடத்தில் செய்யப்படும் வேலையல்ல. தேடும்போது விரிப்பதைவிட அட்டவணைப்படுத்தும்போதே வேரைப் பிரித்து வைப்பதுதான் முறை. பல மொழிகளுக்கும் ஈறு வெட்டும் விதிகளைத் திரட்டி வைக்கும் ஸ்னோபோல் என்ற திட்டத்தில் தமிழ் ஈறுகளை வெட்டும் விதிகளும் இருக்கின்றன. ஆங்கிலம் என்று எழுதப்பட்டிருக்கும் இடத்தில் தமிழ் என்று மாற்றினால் என் அஞ்சலில் பாதியான ஆங்கிலம் கெடும். ஆனால் ஒரு சொல் எந்த மொழி என்பதை அதன் எழுத்தே சொல்லிவிடும்போது, இரண்டையும் பிரித்து நடத்துவது மலையைப் புரட்டும் வேலையல்ல. பிறகு ஏன் யாரும் செய்யவில்லை என்று கோபப்பட்டேன். நானும் ஆறு ஆண்டுகளாகச் செய்யவில்லை என்பதும், ஒரு சதம் கொடுக்காமல் பாவிக்கிறவன் என்பதும் நினைவுக்கு வந்ததால் அந்தக் கோபத்தை முழுதாகப் பட முடியவில்லை.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் நிரலை நிறுவினேன். அதன் பெரிய தேடலை விட்டுவிடுங்கள். அஞ்சல் பட்டியலுக்கு மேலே இருக்கும் விரைவு வடிகட்டியில் 'காணி' என்று தட்டினேன். காணியை, காணிப், காணிக்கு என்று பொருள் வரியில் இருந்த அத்தனையும் வந்தன. அதற்குச் சொல் என்றால் என்னவென்றே தெரியாது. எழுத்துக்களின் தொடர் எங்கே இருந்தாலும் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். கற்றறிந்த சேப்பியன் தவறவிட்டதை இந்தக் கல்லாத வடிகட்டி பிடித்துக் கொடுத்தது. உடற்பகுதிக்குள்ளும் தேடச் சொன்னால் மூச்சு வாங்குகிறது, அது வேறு கதை. குறிச்சொற்களையும், வழங்கி இடம் கொடுத்தால், அங்கேயே சேமித்து வைக்கிறது. வட்டு செத்தாலும் அவை சாவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை தம்பலகாமம் போய் நண்பனின் கணினியில் தண்டர்பேர்டைப் போட்டுக் கொடுத்தேன். "நீ பாவிக்கிறது இதில்லையே" என்றான். "அது உனக்குச் சரிவராது" என்றேன். ஏன் என்று கேட்டான். அவன் எழுதும் தமிழுக்கு நொட்மச்தான் கச்சிதம் என்ற உண்மையை அவன் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? வீட்டுக்கு வந்து, குறிச்சொற்களை நாள்தோறும் இரவு பத்து மணிக்கு வெளியே எழுதி வைக்கும்படி கணினிக்குக் கட்டளையிட்டுவிட்டு, குறியில்லாமல் நிற்கும் அஞ்சல்களை ஒவ்வொன்றாகத் திறந்து ஒட்டத் தொடங்கியிருக்கிறேன். இன்னும் முந்நூறு மிச்சம்.