காலி ஆலை மனையில் கார் பார்க் போட லீஸ் எடுக்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

இங்கிலாந்தில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இடித்துப் போட்ட ஆலை மனை ஒன்று சும்மா கிடக்கிறது, வாடகைக்கு எடுத்துக் கார் நிறுத்த விட்டால் நல்ல காசு என்று யாராவது சொன்னால், கையெழுத்துப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள். நானும் என் நண்பனும் படிக்காமல் போட்டவர்கள்.

இடம் பார்க்கப் போன அன்றே எங்களுக்குப் பிடித்துவிட்டது. பழைய ஆலையின் கான்கிரீட் தரை அப்படியே இருந்தது. வெடிப்புகளில் ஊதாப்பூ பட்லியா ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. வாசலருகே இடிக்காமல் விட்ட சின்ன அலுவலகக் கட்டிடம். நிலையம் ஏழு நிமிட நடை. அங்கே ரயில்வேயின் பார்க்கிங் காலை எட்டு மணிக்கே நிரம்பிவிடும். "மச்சான், கோடு போட்டா போதும், கார் தானா வரும்" என்றான் நண்பன். வந்தது, அதில் பொய்யில்லை.

கவுன்சிலின், அதாவது உள்ளூராட்சி மன்றத்தின், பிளானிங் அனுமதி வேண்டாமா என்று நில உரிமையாளரின் ஏஜென்டிடம் கேட்டேன். மூன்று பதில் சொன்னார். கட்டிடம் எதுவும் கட்டவில்லையே, எதற்கு அனுமதி என்றார். தற்காலிகப் பயன்பாட்டுக்கு 28 நாள் சலுகை உண்டு என்றார். முன்பு இருந்தவரும் வருடக்கணக்காகக் கார் பார்க்தான் நடத்தினார், அதனால் அது 'நிலைபெற்ற பயன்பாடு' என்றார். மூன்றிலும் பாதி பாதி உண்மை இருந்தது. முழுப் பொய்யாக இருந்திருந்தால் நானே கண்டுபிடித்திருப்பேன்.

1990ஆம் ஆண்டு நகர ஊரமைப்புத் திட்டச் சட்டப்படி ஒரு செங்கல்கூட வைக்காவிட்டாலும், நிலத்தின் பயன்பாட்டைப் பெரிய அளவில் மாற்றினாலே அனுமதி வேண்டும். ஆலை மனை கட்டணக் கார் பார்க் ஆவது அப்படிப்பட்ட மாற்றம். 28 நாள் சலுகை நிஜம்தான், ஆனால் அது ஒரு காலண்டர் வருடத்துக்கு மொத்தம் 28 நாள். திங்கள் முதல் வெள்ளி வரை நடத்தினால் ஆறாவது வாரத்திலேயே தீர்ந்துவிடும். போதாததற்கு, கட்டிடத்தோடு சேர்ந்த வளாகத்துக்கு அந்தச் சலுகையே கிடையாது. வாசலருகே ஒரு கட்டிடம் நின்றது என்றேனே, எங்களுக்கு அந்த 28 நாளாவது உண்டா என்பதே சந்தேகம்.

மூன்றாவதுதான் எங்களைக் கவிழ்த்தது. பத்து வருடம் இடைவிடாமல் ஒரே பயன்பாட்டில் இருந்த நிலத்தின் மேல் கவுன்சில் நடவடிக்கை எடுக்க முடியாது என்பது சரி. ஆனால் இடையில் அந்தப் பயன்பாட்டை நிறுத்தச் சொல்லிக் கவுன்சில் அமலாக்க நோட்டீஸ் கொடுத்திருக்கக் கூடாது. அதை நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

செப்டம்பரில் திறந்தோம். நாங்களே ரோலர் பிடித்து வெள்ளைக் கோடு போட்டோம். ஒரு நாளைக்கு அறுபது கார், மாதச் சீட்டு வாங்கியவர்கள் இருபத்திரண்டு பேர். அக்டோபர் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய ஒருவர் வாசலில் நின்று படம் எடுத்தார். வரிசை வரிசையாகக் கார்களை எண்ணி நோட்டில் குறித்துக்கொண்டார். அடுத்த வாரம் கவுன்சிலிலிருந்து கடிதம். போன் போட்டால், "இந்த நிலத்தின் மேல் ஏற்கனவே இருக்கும் அமலாக்க நோட்டீஸைப் பார்த்தீர்களா?" என்று தன்மையாகத்தான் கேட்டார்கள்.

மின்னஞ்சலில் நகல் வந்தது. சிவப்புக் கோடு போட்டு எல்லை காட்டிய வரைபடம். அந்தக் கோட்டுக்குள் எங்கள் வாசல், எங்கள் அறுபது இடமும். அந்த நோட்டீஸ் முந்தைய குத்தகைதாரருக்குக் கொடுத்தது. அவர் இப்படிப்பட்ட மேல்முறையீடுகளை விசாரிக்கும், பிரிஸ்டலில் இருக்கும் பிளானிங் இன்ஸ்பெக்டரேட்டுக்குப் போய்த் தோற்று, மூடிவிட்டுப் போயிருக்கிறார். அவர் மூடியதால் நோட்டீஸ் காலாவதி ஆகிவிடவில்லை. அது ஆளோடு போவதில்லை, நிலத்தோடு கிடக்கும். பின்னால் யார் வந்து அதே வேலையைத் தொடங்கினாலும் அவரையும் பிடிக்கும்.

புது நோட்டீஸாக இருந்தால் அமலுக்கு வரும் முன் மேல்முறையீடு போடலாம். முடிவு வரும்வரை நோட்டீஸ் அமலுக்கு வராது. தற்காலிகக் கார் பார்க் நடத்தும் சிலர் அந்த மாதங்களில்தான் சம்பாதிக்கிறார்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். எங்களுக்கு அந்த வழியும் இல்லை. திறந்த முதல் நாளிலிருந்தே நாங்கள் செய்தது குற்றம், அபராதத்துக்கு வரம்பும் கிடையாது. வக்கீல் இன்னொன்றும் சொன்னார். பிஷப்ஸ் ஸ்டார்ட்ஃபோர்டில் இதேபோல் நோட்டீஸை மீறிக் கார் பார்க் நடத்திய வழக்கில், 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் லாபத்தைப் பார்க்கவில்லை, வசூலான மொத்தத் தொகையையே குற்றத்தால் வந்த ஆதாயம் என்று ஏற்றுக்கொண்டது. அது 18 லட்சம் பவுண்டுக்கு மேல். அன்று சாயங்காலமே கேட்டைப் பூட்டினோம்.

கவுன்சில் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த மனை வீடு கட்ட ஒதுக்கியது. உட்கார்ந்த இடத்தில் பார்க்கிங் வாடகை வந்துகொண்டிருந்தால் உரிமையாளர் எதற்கு வீடு கட்டப் போகிறார்? தெரு முனைச் சந்திப்பு காலையில் எப்படி அடைத்துக்கொள்ளும் என்று நானே தினமும் பார்த்தேன்.

கோபமெல்லாம் லீஸ் மேல்தான். 'இந்தப் பயன்பாடு சட்டப்படி செல்லும் என்று உரிமையாளர் எந்த உத்தரவாதமும் தரவில்லை, அனுமதி பெறுவது குத்தகைதாரர் பொறுப்பு' என்று பதினான்காம் பக்கத்தில் இருந்தது. கார் பார்க் மூடியும் வாடகை ஓடியது. ஏஜென்ட் சொன்னதெல்லாம் வாய்ப்பேச்சு, ஒரு மின்னஞ்சல்கூட இல்லை. கடைசியில் 18,000 பவுண்டு டெபாசிட்டை விட்டுக்கொடுத்துத்தான் லீஸிலிருந்து வெளியே வந்தோம். மாதச் சீட்டுக்காரர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது தனி.

எங்கள் கணக்கரிடம் போய் அழுதபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "தம்பி, அமலாக்கப் பதிவேட்டைப் பார்த்தீங்களா?" அமலாக்க நோட்டீஸ்களுக்கு இங்கே கவுன்சில் பதிவேடு வைத்திருக்க வேண்டும், அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இணையத்தில் இல்லாவிட்டால் மின்னஞ்சலில் கேளுங்கள். ஒரு நிலத்தின் மேல் உள்ள கட்டுப்பாடுகளைக் காட்டும் லோக்கல் லேண்ட் சார்ஜஸ் தேடலிலும் வந்துவிடும். வக்கீல் செலவு மிச்சம் என்று நாங்கள் அதைத்தான் தவிர்த்தோம். 'நிலைபெற்ற பயன்பாடு' என்று யாராவது சொன்னால் அந்தப் பயன்பாடு சட்டப்படியானது என்று கவுன்சில் கொடுத்த சான்றிதழைக் கையில் வாங்குங்கள். தற்காலிக அனுமதி இருக்கிறது என்றால் அது எந்தத் தேதியில் முடிகிறது என்று பாருங்கள். இரண்டாவது முறை தற்காலிக அனுமதி கொடுப்பது அரிதாகவே நியாயம் என்று அரசு வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. அப்புறம், நோட்டீஸ் வந்தால் வாடகை நிற்கும் என்று லீஸில் ஒரு வரி எழுதி வாங்குங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

இதை இப்போது எழுதக் காரணம், போன வாரம் அதே மனை மறுபடி விளம்பரத்துக்கு வந்திருக்கிறது. 'கார் பார்க்காக உடனே நடத்தலாம்' என்று போட்டிருக்கிறார்கள். படத்தில் தெரியும் வெள்ளைக் கோடுகள் நாங்கள் போட்டவை.