பெட்டி புதுசு, சப்பாத்து பழசு: திருகோணமலையில் பூட்ஸ் வாங்குகிறவர்கள் கவனிக்கவும்

திருகோணமலை டவுனில் ஒரு கடையில் 14,500 ரூபா கொடுத்து வாங்கிய பூட்ஸின் அடி, ஒரு மாதம்கூட ஆகாமல் காலிலேயே உதிர்ந்து கொட்டிவிட்டது. கடைக்காரர் மாற்றியும் தரவில்லை, காசும் தரவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அதனால் கடையின் பெயரை இங்கே போடவில்லை. ஆனால் இதே மாதிரிச் சரக்கு இன்னும் பல கடைகளின் தட்டுகளில் இருக்கும். மலிவு விற்பனைப் பலகை தொங்கும் நாட்களில் அவைதான் முதலில் வெளியே வரும். அதனால்தான் இதை விபரமாக எழுதுகிறேன்.

எனக்கு உப்புவெளியில் விடுதி ஒன்றில் வேலை. வேலைக்கும் போடலாம், டெனிமோடு வெளியேயும் போடலாம் என்று கணுக்கால் வரை வரும் பழுப்பு பூட்ஸ் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். இது பார்க்க அவ்வளவு வடிவு. தையல் நேர்த்தி, கயிறு மாட்டும் கொக்கிகள் பளபளப்பு, உள்ளே மெத்தென்ற துணி. “இந்த மாசம்தான் கொழும்பிலயிருந்து ஸ்டொக் இறங்கினது தம்பி, ஒறிஜினல் சாமான், அஞ்சு வருஷம் பயமில்லாமப் போடலாம்” என்றார் கடை அண்ணை. போட்டு நடந்து பார்த்தேன். கச்சிதமாக இருந்தது, வாங்கிவிட்டேன்.

மாதம் முடிவதற்குள் ஒரு நாள், வேலை முடிந்து அநுராதபுரச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது இடது கால் தாழ்வதுபோல இருந்தது. கல்லில் ஏறி நிற்கிறேனோ என்று காலை நகர்த்தினேன். அப்போதும் அப்படியே. குனிந்து பார்த்தால் குதிகால் பக்கம் பிளந்து கிடந்தது. விரலால் தொட்டதும் பிட்டு உதிர்வதுபோலக் கறுப்புத் துகளாகக் கையோடு வந்தது. மேல் தோலில் ஒரு கீறல் இல்லை. நிலத்தில் படுகிற ரப்பரின் வரிகள்கூடத் தேயவில்லை. இரண்டுக்கும் நடுவில் இருந்தது மட்டும் பொடியாகிப் போயிருந்தது. வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் ரப்பர் முழுதாகக் கழன்றுவிட்டது. அதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் படியேறினேன்.

அடுத்த நாள் கடைக்குப் போனேன். பூட்ஸைக் கையில் வாங்கிப் பார்க்கவே இல்லை, கேள்விதான் முதலில் வந்தது. “தண்ணிக்குள்ள போட்டனீங்களா?” இல்லை என்றேன். “அப்ப வெயில்ல காயவச்சிருப்பீங்க.” அதுவும் இல்லை. “அப்ப பாவிக்கிற விதம் சரியில்ல.” இத்தனைக்கும் அது தண்ணீரைக் கண்டதே இல்லை. பில்லின் அடியில் ‘விற்ற பொருட்கள் மீளப் பெறப்படமாட்டாது’ என்று முத்திரை குத்தியிருந்ததைக் காட்டினார். பில்லில் இருந்தது ‘பூட்ஸ் 1’ என்பதும் விலையும் மட்டும்தான். வேறு ஆட்கள் கடைக்குள் வந்ததும் என்னை ஓரமாக நிற்கச் சொன்னார். கடைசியில், சொலூஷன் போட்டு ஒட்டித் தருவதாகவும் அதற்கு வேறாகக் காசு தர வேண்டும் என்றும் சொன்னார். அந்த நேரத்தில் வந்த கோபம் இன்னும் போகவில்லை.

சந்தைப் பக்கம் சப்பாத்துத் தைக்கிற ஐயாவிடம் கொண்டுபோனேன். அவர் உடைந்ததைத் தொடவே இல்லை. நன்றாக இருந்த வலது பூட்ஸை எடுத்து, அடியின் பக்கவாட்டில் பெருவிரல் நகத்தை அழுத்தினார். குழி விழுந்தது, மேலெழும்பவில்லை. குழியைச் சுற்றி மயிரிழை போல வெடிப்பு ஓடியது. “இது கம் விட்டது இல்லத் தம்பி. ஒட்டினா கம் எதில பிடிக்கும்? அடியே செத்துப்போச்சு. இதுவும் இண்டைக்கோ நாளைக்கோ போயிரும்” என்றார். அப்புறம் பூட்ஸின் நாக்கைப் புரட்டி, உள்ளே தைத்திருந்த சின்ன லேபலைக் காட்டினார். சைஸுக்குக் கீழே மாதமும் வருடமும் இருந்தன: 2016. இந்த மாதம் இறங்கிய ஸ்டொக் என்று எனக்கு விற்கப்பட்ட பூட்ஸ் அது.

நடந்தது என்ன என்று பிறகு தேடிப் படித்தேன். பூட்ஸிலும் பல ஸ்னீக்கர்களிலும் மேல் தோலுக்கும் கீழ் ரப்பருக்கும் நடுவில் காலைத் தாங்குகிற ஒரு மெத்தை உண்டு. அதைப் பெரும்பாலும் இரண்டு பொருட்களில் ஒன்றால் செய்கிறார்கள். ஒன்று ஈ.வி.ஏ. நுரை. பாரம் குறைவு, ஓடுகிற சப்பாத்துகளில் இதுதான் அதிகம். நாளடைவில் அமுங்கித் தட்டையாகும், ஆனால் இப்படிப் பொடியாகாது. மற்றது பொலியூரெத்தேன், சுருக்கமாக பி.யூ. பாரம் கொஞ்சம் கூட, மிதித்தால் சுகமாக இருக்கும், புதிதாக இருக்கும்வரை உறுதியும் அதிகம். பி.யூ.விலும் பொலியெஸ்டர் அடிப்படையில் செய்த வகைக்குத்தான் இந்தக் குணம்: காற்றில் இருக்கிற ஈரம் மெல்ல மெல்ல உள்ளே இறங்கி, அதன் பிணைப்புகளை ஒவ்வொன்றாக அறுக்கும். சூடு கூடினால் இன்னும் வேகமாக அறுக்கும். தண்ணீரில் நனைய வேண்டும் என்றே இல்லை. பெட்டிக்குள் பூப்போல வைத்திருந்தாலும் வருடங்கள் போக உள்ளுக்குள் இற்றுப்போகும். போட்டு நடக்கிற சோடியைவிடச் சும்மா கிடக்கிற சோடிதான் முந்திக் கெடும் என்று மலையேற்ற பூட்ஸ் செய்கிற கம்பனிகளே சொல்கின்றன. பழைய ஸ்னீக்கர் சேகரிக்கிறவர்களுக்கு இது தெரிந்த துயரம். 1989இல் வந்த ஏர் ஜோர்டன் 4 என்ற நைக்கி ஸ்னீக்கர் அந்தக் காலத்திலிருந்தே பெட்டியில் இருந்ததாக இருந்தாலும், இன்று எடுத்துப் போட்டால் நாலு அடி வைப்பதற்குள் அடி நொறுங்கிவிடும். அவ்வளவு பெயர் பெற்ற சப்பாத்துக்கே இந்தக் கதி என்றால், பெயர் தெரியாத பூட்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது நம்முடைய ஊரை நினைத்துப் பாருங்கள். சுற்றிக் கடல், வருடம் முழுக்க ஈரக் காற்று. வெயில் காலத்தில் தகரக் கூரைக் களஞ்சிய அறைக்குள் நின்று பார்த்தவர்களுக்கு அந்த வெக்கை தெரியும். ஐப்பசியில் மழை தொடங்கினால் தை மாதம்வரை சுவரே வியர்க்கும். அப்படி ஒரு அறையில் பல வருடம் கிடந்த பி.யூ. அடியில் என்ன மிஞ்சும்? வருடக்கணக்காகச் சப்பாத்து விற்கிறவருக்கு இது தெரியாமல் இருக்க வழியில்லை. பழைய சரக்கு என்று சொல்லி விலையைக் குறைத்து விற்றிருந்தால் அது வியாபாரம். இந்த மாதம் வந்தது என்று சொல்லி முழு விலை வாங்கியது ஏமாற்று.

அதனால் கடையிலேயே பாருங்கள். முதலில் லேபல். நைக்கி, அடிடாஸ் போன்ற கம்பனிகள் செய்த காலத்தை உள் லேபலில் போடுகின்றன. மாடல் இலக்கமும் அதிலேயே இருக்கும். அது பெட்டியில் உள்ள இலக்கத்தோடு ஒத்துப்போக வேண்டும். பெட்டி ஒன்று, சப்பாத்து வேறொன்று என்றால் வாங்காதீர்கள். லேபலை வெட்டி எடுத்திருந்தாலும் வேண்டாம். பிறகு அந்த ஐயா செய்ததுபோல அடியின் பக்கவாட்டைப் பெருவிரலால் நன்றாக அழுத்துங்கள். நல்லது என்றால் உடனே மேலெழும்பும். குழி நின்றாலும், மெல்லிய வெடிப்பு தெரிந்தாலும், விரலில் பிசுபிசுப்பு ஒட்டினாலும் அதை வைத்துவிட்டு வந்துவிடுங்கள். முன் பக்கத்தைப் பிடித்து வளைத்தும் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், காசு உங்களுடையது. ஒன்லைனில் வாங்குகிறவர்களுக்கு இதில் எதுவும் முடியாது. லேபலின் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், அனுப்ப மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

பில் கேட்டு வாங்குங்கள். கேட்டால் கடைக்காரர் பில் தந்தே ஆக வேண்டும், அது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தில் உள்ளது. பில்லில் கடையின் பெயர், திகதி, மாடல் எல்லாம் எழுதச் சொல்லுங்கள். பொருளின் தரத்தைப் பற்றிப் பொய் சொல்லி விற்பதையும் அதே சட்டம் தடுக்கிறது. ஏமாந்தால் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். ஆனால் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும், அதுவும் பொருளை வாங்கி மூன்று மாதத்துக்குள். இந்தக் கால எல்லை நிறையப் பேருக்குத் தெரியாது. கடைக்காரர் “பிறகு வாங்க, முதலாளி வரட்டும்” என்று இழுத்தடிப்பது எதற்கு என்று இப்போது விளங்குகிறது.

நான் எழுதிக் கொடுத்த பிறகு கடையிலிருந்து அழைப்பு வந்தது. வேறு சோடி எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். போய்ப் பார்த்தேன். அதே தட்டு, அதே பெட்டிகள், நான் புரட்டிப் பார்த்த லேபல்களில் எல்லாம் பழைய வருடங்கள். வேண்டாம், காசைத் தாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். பதில் இன்னும் இல்லை. உடைந்த பூட்ஸையும் லேபலின் படத்தையும் பில்லையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். டவுனில் அண்மையில் வாங்கி இப்படி அடி உதிர்ந்தவர்கள் வேறு யாராவது இருந்தால் சப்பாத்தை எறிந்துவிடாதீர்கள், லேபலைப் படம் எடுத்து, மூன்று மாதம் முடிவதற்குள் நீங்களும் எழுதிக் கொடுங்கள்.