கடலோர அரசு நடுநிலைப் பள்ளி: பிள்ளையைச் சேர்க்கலாமா?

ராமநாதபுரம் மாவட்டம் தேவிபட்டினம் பக்கத்து ஊர்களில் பிள்ளையை அரசுப் பள்ளியில் விடலாமா, இல்லை தனியார் வேனில் ஏற்றிவிடலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் மகள் எங்கள் ஊர் அரசு நடுநிலைப் பள்ளியில் நான்காவது படிக்கிறாள். தாராளமாகச் சேர்க்கலாம்.

படிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளின் திறனைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பிரித்துச் சொல்லித்தருகிறார்கள். இரண்டாம் வகுப்பில் தொடக்க நிலையான அரும்பில் கிடந்த என் மகள் இப்போது பேப்பர் தலைப்புகளை எழுத்துக்கூட்டாமல் வாசிக்கிறாள். விடியுமுன் அப்பா கடலுக்கும் அம்மா மீன் ஏலத்துக்கும் போய்விடுகிற வீட்டுப் பிள்ளைகளுக்குக் காலை உணவு அங்கேயே கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். 2024 பத்தாம் வகுப்புத் தேர்வில் நம் மாவட்டம் 96.36 சதவீதத்தோடு மாநிலத்தில் மூன்றாவதாக வந்ததற்கு அடித்தளம் இப்படிப்பட்ட பள்ளிகள்தான்.

கட்டடம்தான் கவலை. பெண்பிள்ளைகள் கழிப்பறைக் கதவின் அடித்தகரம் துருப்பிடித்து உதிர்ந்து, உள்ளே நிற்பவளின் கால் வெளியே தெரிகிறது. போர் தண்ணீர் உப்பு, காற்றும் உப்பு, எந்தக் குழாயும் நிலைக்காது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் செலவுக் கணக்கை வாங்கிப் பார்த்தேன்: குழாய், மோட்டார் ரிப்பேர், பினாயில், சாக்பீஸ், ஒரு ரூபாய்கூட வீணாகவில்லை. வருகிற பணம்தான் போதவில்லை. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் (சமக்ர சிக்ஷா) ஆண்டு மானியம் மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான்: 30 பேர் வரை 10,000 ரூபாய், 100 பேர் வரை 25,000, 250 பேர் வரை 50,000. அதாவது 101 பேர் இருந்த பள்ளியில் ஒரே ஒரு பிள்ளை வேனுக்குப் போய்விட்டால் மானியம் பாதியாகிவிடும், ஆனால் துருப்பிடிக்கிற கதவுகள் குறையுமா என்ன? கடலோரப் பள்ளிகளுக்குப் பராமரிப்புக்கென்று தனித்தொகை கொடுத்தே ஆக வேண்டும். கடலை விட்டுத் தள்ளியிருக்கிற பள்ளிக்கும் உப்புக்காற்றில் நிற்கிற பள்ளிக்கும் ஒரே கணக்கு என்பது அநியாயம்.

அப்புறம், கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான், மொத்தக் குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். கூட்டத்துக்கு வருவதோ நாலைந்து பேர். சேர்க்கப் போகிறவர்கள் கூட்டத்துக்கும் வாருங்கள், கதவுக்குத் தீர்மானம் போட ஆள் வேண்டும்.