பென்ஷனும் சம்பளமும் சேர்ந்து வந்தால்: வரியை எந்த வழியில் கட்டுவது?

பென்ஷன் ஒரு பக்கம் வந்துகொண்டிருக்க, இன்னொரு வேலையில் சேர்ந்து சம்பளமும் வாங்குகிறவருக்கு வரி எவ்வளவு என்பதில் பெரிய குழப்பம் இல்லை. வேலை பார்த்த இடத்திலிருந்து வரும் பென்ஷனும் சட்டப்படி சம்பளம்தான். இரண்டையும் கூட்டிக் கணக்குப் போட வேண்டும், அவ்வளவே. அந்த வரியை எப்போது, யார் வழியாகக் கட்டுவது என்பதில்தான் ஆளாளுக்குத் தடுமாறுகிறார்கள்.

வழி மூன்று இருக்கிறது. புது நிறுவனத்திடம் பென்ஷன் விவரத்தைக் கொடுத்து, மாதாமாதம் சம்பளத்திலேயே சேர்த்துப் பிடிக்கச் சொல்லலாம். நாமே அட்வான்ஸ் டாக்ஸாக, அதாவது வருடம் முடியும் முன்பே, நான்கு தவணையில் கட்டலாம். அல்லது எதுவும் செய்யாமல் இருந்து, ரிட்டர்ன் போடும்போது மொத்தமாகக் கட்டலாம். 60 வயது ஆகாதவர் யோசிக்காமல் முதல் வழிக்குப் போகலாம் என்பது என் உறுதியான கருத்து. 60 தாண்டியவருக்கும் அதையே சொல்வேன். ஆனால் அவர்கள் விஷயத்தில் மூன்றாவது வழிக்கும் நியாயம் உண்டு.

கீழே வரும் கணக்குகள் 2025-26 நிதியாண்டுக்கு, புதிய வரி முறையில் போட்டவை. பிரிவு, படிவ எண்களும் அந்த ஆண்டுக்குப் பொருந்திய 1961 வருமான வரிச் சட்டத்தின்படியானவை.

ராணுவத்திலிருந்து 52 வயதில் வந்து வேறு வேலையில் சேர்ந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். பென்ஷன், அகவிலை நிவாரணம் சேர்த்து மாதம் 50,000 ரூபாய். வருடத்துக்கு 6 லட்சம். புது வேலையில் மாதம் 80,000, வருடத்துக்கு 9.6 லட்சம். பென்ஷன் கொடுக்கும் வங்கி, தான் கொடுக்கும் 6 லட்சத்தை மட்டும் பார்க்கிறது. நிலையான கழிவு 75,000 போக 5.25 லட்சம். கழிவு போக 12 லட்சம் வரை வரியை முழுக்கத் தள்ளுபடி செய்யும் ரிபேட் இருப்பதால் பிடித்தம் பூஜ்யம். நிறுவனம் தன் 9.6 லட்சத்தை மட்டும் பார்க்கிறது. அதுவும் 75,000 கழித்து 8.85 லட்சம் என்று வைத்துக்கொள்கிறது. அங்கேயும் ரிபேட், அங்கேயும் பூஜ்யம். பன்னிரண்டு மாதமும் சம்பளச் சீட்டில் வருமான வரி என்ற இடம் காலியாகவே இருக்கும்.

உண்மைக் கணக்கு வேறு. மொத்தம் 15.6 லட்சம். நிலையான கழிவு ஒரு தடவைதான், எனவே 14.85 லட்சம். முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. 4 முதல் 8 வரை 5 சதவீதம், 20,000 ரூபாய். 8 முதல் 12 வரை 10 சதவீதம், 40,000. மிச்சம் 2.85 லட்சத்துக்கு 15 சதவீதம், 42,750. கூட்டினால் 1,02,750, 4 சதவீத செஸ் 4,110. ஆக 1,06,860 ரூபாய் வரி. 12 லட்சத்தைத் தாண்டிவிட்டதால் ரிபேட்டும் போயிற்று. இரண்டு பேரும் சட்டப்படி சரியாகத்தான் செய்தார்கள். ஆனால் ஆளுக்கொரு நிலையான கழிவும், ஆளுக்கொரு பூஜ்ய ஸ்லாபும், ஆளுக்கொரு ரிபேட்டும் கொடுத்துவிட்டார்கள். சட்டம் தருவது ஒன்றே ஒன்று. மூன்று வழிகளில் எது நல்லது என்பதை முடிவு செய்வது இந்த இரட்டிப்புதான்.

(பென்ஷனும் சம்பளமும் சேர்ந்தே 12.75 லட்சத்துக்குள் அடங்கி, வேறு வருமானமும் இல்லையென்றால் வரியே வராது. அவர்களுக்கு இந்த அலசல் தேவையில்லை.)

இந்த 52 வயதுக்காரர் மூன்றாவது வழியில் போனால் என்ன ஆகும்? பிடித்தம் போக வருடத்துக்கு 10,000 ரூபாயோ அதற்கு மேலோ வரி பாக்கி வருமென்றால் அட்வான்ஸ் டாக்ஸ் கட்டியே ஆக வேண்டும். முன்பு கட்டியதையும் சேர்த்து, ஜூன் 15-க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15-க்குள் 45, டிசம்பர் 15-க்குள் 75, மார்ச் 15-க்குள் 100. ஒன்றும் கட்டாமல் ஜூலையில் கட்டினால் இரண்டு வட்டி விழும். தவணை தவறியதற்கான 234சி வட்டி 5,391 ரூபாய். ஏப்ரல் முதல் ஜூலை வரை நான்கு மாதத்துக்கு 234பி வட்டி 4,272. மொத்தம் 9,663. ஏறக்குறைய ஒரு மாத வரிப் பிடித்தத்துக்கும் மேலான தொகை வட்டியாகவே போகிறது. கூடவே 1,06,860 ரூபாயை ஒரே மூச்சில் புரட்ட வேண்டும்.

இரண்டாவது வழியில் வட்டி விழாது. வருமான வரி இணையதளத்தில் இ-பே டாக்ஸ் போய், அட்வான்ஸ் டாக்ஸுக்கான 100 என்ற குறியீட்டைத் தேர்ந்து கட்டுவது பத்து நிமிட வேலை. தவறு நடப்பது ஆண்டுத் தேர்வில். 2025-26 நிதியாண்டுக்கு மதிப்பீட்டு ஆண்டு 2026-27. அவசரத்தில் 2025-26 என்று தேர்ந்தால் பணம் வேறு வருடத்தில் போய் உட்காரும், ரிட்டர்னில் வரி பாக்கி என்றே காட்டும். நான்கு தேதியையும் நினைவில் வைத்துக் கட்டக்கூடிய ஒழுங்கு உள்ளவருக்கு இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாடகை, பங்கு விற்ற லாபம் என்று வருமானம் பல பக்கம் வருகிறவருக்கு இது எப்படியும் தேவைப்படும்.

முதல் வழியில் அதே 1,06,860 ரூபாய் பன்னிரண்டாகப் பிரிந்து மாதம் 8,905 ஆகப் போகிறது. தேதி நினைவு வேண்டாம், வட்டி இல்லை, ஜூலையில் கையைப் பிசைய வேண்டாம். ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் சம்பளம் வாங்குகிறவர், ஏதாவது ஒரு இடத்தைத் தேர்ந்து மற்றதன் விவரத்தைத் தரலாம் என்று 1961 சட்டத்தின் 192(2) பிரிவு இடம் தந்தது. படிவம் 12பி அதற்கானது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்து எண்கள் மாறியிருப்பதால், இப்போதைய படிவம் எது என்று சம்பளப் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள். பென்ஷன் கொடுப்பவரின் பெயர், டேன் எண் (வரி பிடிப்பவருக்கான அடையாள எண்), வருட பென்ஷன் எவ்வளவு, அவர்கள் பிடித்த வரி எவ்வளவு ஆகியவை கையில் இருக்கட்டும். டேன் எண் சென்ற வருட படிவம் 16-இல் (பிடித்த வரிக்குத் தரும் சான்றிதழ்) இருக்கும். வைப்புநிதி வட்டியையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடலாம்.

ஏப்ரலிலேயே கொடுப்பது முக்கியம். அக்டோபரில் கொடுத்தால் மிச்சமிருக்கும் ஆறு மாதத்தில் மாதம் 17,810 பிடிப்பார்கள். ஜனவரியில் கொடுத்தால் மூன்று மாதத்தில் 35,620 வீதம். 80,000 சம்பளத்தில் கிட்டத்தட்ட பாதி.

இந்த வழியிலும் சறுக்கும் இடங்கள் உண்டு. முதலாவது, எந்தத் தொகையைச் சொல்வது என்பது. பென்ஷனில் ஒரு பகுதியை கம்யூட் செய்தவர் (முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொண்டவர்), அது போக மீதமுள்ள அடிப்படை பென்ஷனையும் அகவிலை நிவாரணத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் அகவிலை நிவாரணம் கம்யூட் செய்வதற்கு முந்தைய முழு பென்ஷன் மீது கணக்கிடப்படுகிறது. மீதித் தொகை மீது போட்டால் குறைவாக வரும். இரண்டாவது, மத்திய அரசில் இந்த நிவாரணம் ஜனவரி 1, ஜூலை 1 என்று வருடத்துக்கு இரண்டு முறை திருத்தப்பட்டு, அறிவிப்பு தாமதமாகி நிலுவையோடு வருகிறது. ஏப்ரல் பென்ஷனைப் பன்னிரண்டால் பெருக்கிச் சொன்ன தொகை வருடக் கடைசியில் பத்தாது. ஜனவரியில் வங்கிப் புத்தகத்தைப் பார்த்துத் திருத்திய தொகையைக் கொடுத்தால் பிப்ரவரி, மார்ச் சம்பளத்தில் சரிசெய்துவிடுவார்கள்.

மூன்றாவது சறுக்கல் வரி முறை. வங்கி தானாகவே புதிய முறையில் கணக்கிட்டிருக்கும். நிறுவனத்தில் நீங்கள் பழைய முறை என்று எழுதிக் கொடுத்திருந்தால் இரண்டு கணக்கும் ஒட்டாது. ஒரு வருடத்துக்கு ஒரு முறைதான். எதுவென்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். அதேபோல், பென்ஷன் குறைவுதானே என்று நினைத்து வங்கியில் 15எச் கொடுத்து வைப்புநிதி வட்டிக்குப் பிடித்தம் வேண்டாம் என்று சொல்வது பெரிய தவறு. 60 தாண்டி, மொத்த வருமானத்துக்கும் வரி பூஜ்யமாக இருக்கிறவர் கொடுக்க வேண்டிய படிவம் அது. சம்பளத்தை மறைத்துக் கொடுத்தால் அது பொய் உறுதிமொழி.

சில சிறு நிறுவனங்களின் சம்பளப் பிரிவு, 'பென்ஷனெல்லாம் எங்களுக்குத் தேவையில்லை' என்று கைவிரிப்பது உண்டு. எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள். அப்படியும் பிடிக்கவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம், அடுத்த தவணைத் தேதிக்குள் அட்வான்ஸ் டாக்ஸாகக் கட்டிவிடுங்கள்.

இனி 60 தாண்டியவர்கள். இந்தியாவில் வசிப்பவராக இருந்து, தொழில் வருமானம் எதுவும் இல்லாத மூத்த குடிமக்கள் அட்வான்ஸ் டாக்ஸ் கட்டத் தேவையில்லை. மார்ச் 20-இல் 60 முடிந்தாலும் அந்த முழு நிதியாண்டுக்கும் இந்தச் சலுகை உண்டு. அதாவது மேலே சொன்ன 9,663 ரூபாய் வட்டி இவர்களுக்கு இல்லை. ரிட்டர்னுக்கான கடைசித் தேதிக்குள் கட்டினால் போதும். அதுவரை பணத்தை வங்கியில் போட்டு வைத்துச் சிறிது வட்டியும் பார்க்கலாம். கணக்காகப் பார்த்தால் மூன்றாவது வழிதான் இங்கே லாபம். ஆனால் அந்த ஒரு லட்சத்துச் சொச்சத்தைத் தனியே ஒதுக்கி வைக்கிறவருக்குத்தான் அந்த லாபம். மருத்துவச் செலவோ வீட்டுக் கல்யாணமோ வந்தால் கை முதலில் அந்தப் பணத்துக்குத்தான் போகும். கடைசித் தேதி தாண்டினால் மாதம் 1 சதவீத வட்டி ஓட ஆரம்பிக்கும். அதனால்தான் இவர்களுக்கும் மாதப் பிடித்தத்தையே சொல்கிறேன்.

இந்தச் சலுகையில் ஒரு கண்ணி இருக்கிறது. ஓய்வுக்குப் பிறகு பலரை ஆலோசகர் என்று சொல்லி, சம்பளத்துக்குப் பதில் கட்டணமாகக் கொடுத்து 10 சதவீதம் பிடிக்கிறார்கள். அது தொழில் வருமானம். 65 வயதானாலும் அட்வான்ஸ் டாக்ஸ் விலக்கு போய்விடும். மாதம் 1.5 லட்சம் கட்டணம் வாங்கி, செலவு எதுவும் காட்டாத ஒருவருக்கு, மேற்சொன்ன பென்ஷனையும் சேர்த்தால் வரி 2,92,500, பிடித்தது 1.8 லட்சம். மிச்சம் 1,12,500-ஐ தவணைத் தேதிகளில் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் வட்டி. பென்ஷனைச் சேர்த்துப் பிடிக்கச் சொல்லும் முதல் வழியும் இவருக்கு இல்லை.

பொறியியல், கணக்கியல், தொழில்நுட்ப ஆலோசனை போன்று சட்டம் பட்டியலிட்ட தொழில் என்றால், 44ஏடிஏ பிரிவில் வரவில் பாதியை மட்டும் வருமானமாகக் காட்டி, முழு அட்வான்ஸ் டாக்ஸையும் மார்ச் 15-க்குள் ஒரே தவணையாகக் கட்டலாம். அது பெரிய சேமிப்பு. பொது நிர்வாக ஆலோசனை அந்தப் பட்டியலில் சேருமா என்பதை ஆடிட்டரிடம் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள். வருகைப் பதிவு, விடுப்பு, மேலதிகாரி எல்லாம் இருந்தால் பெயர் ஆலோசகர் என்றிருந்தாலும் அது சம்பளமே என்று துறை வாதிட இடமுண்டு.

மொத்தமாகக் கிடைக்கும் தொகைகளில் ஒன்றைக் கவனியுங்கள். தனியார் ஊழியருக்கு கிராஜுவிட்டியில் 20 லட்சம், விடுப்புச் சம்பளத்தில் 25 லட்சம் என்ற விலக்கு வாழ்நாளுக்கானது. முதல் வேலையில் 14 லட்சம் கிராஜுவிட்டிக்கு விலக்கு வாங்கியிருந்தால், இரண்டாவது வேலையை விடும்போது மிச்சம் 6 லட்சத்துக்குத்தான் கிடைக்கும். புது நிறுவனத்துக்கு இது தெரியாது; நாம்தான் சொல்ல வேண்டும்.

எந்த வழியில் கட்டினாலும் ரிட்டர்ன் போடும் நாளில் கையில் இரண்டு படிவம் 16 இருக்கும், இரண்டிலும் 75,000 கழித்திருக்கும். இரண்டையும் கூட்டி 1.5 லட்சம் கழித்துவிடாதீர்கள். கழிவுக்கு முந்தைய மொத்தத் தொகைகளை வருமான வரி இணையதளத்தில் உள்ள ஆண்டுத் தகவல் அறிக்கையோடு (ஏஐஎஸ்) ஒப்பிட்டுப் போட்டு, 75,000-ஐ ஒரு தடவை மட்டும் கழியுங்கள்.