பிரிட்டனில் ஒரு வருட ஸ்ட்ரெங்த் அண்ட் கண்டிஷனிங் எம்.எஸ்சி.: நெல்லைப் பட்டதாரிக்கு எடுபடுமா?

சோதனைக்கூடப் பாடத்துக்கு முழு மதிப்பெண். களப் பயிற்சிக்குப் பாதி. போட்ட காசு திரும்புமா என்பதற்கு அதையும்விடக் குறைவு. ஸ்போர்ட்ஸ் சயின்ஸ் முடித்த நெல்லை, தென்காசி, தூத்துக்குடிப் பிள்ளைகளுக்கு விளையாட்டு வீரர்களின் உடல் வலுவையும் தகுதியையும் வளர்க்கக் கற்றுத்தரும் இந்த முதுநிலைப் படிப்பைப் பற்றி நாங்கள் சொல்வது இதுதான்.

மொத்தம் 180 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 10 மணி நேர உழைப்பு என்பது அங்கே கணக்கு. ஆக 1,800 மணி நேரம். அதில் வழக்கமாக 60 கிரெடிட் ஆய்வேட்டுக்குப் போய்விடும். வருடம் முழுக்க பார்பெல்லும் கையுமாக இருக்கலாம் என்று போகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். ஆய்வேட்டில் எண்களை அலசப் புள்ளியியல் வேண்டும்; அதில் தட்டுத்தடுமாறித் தேறியவர்கள் விமானம் ஏறுமுன் அதைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

அளவிடக் கற்றுத்தருவதில்தான் இந்தப் படிப்பின் உயிர் இருக்கிறது. ஃபோர்ஸ் பிளேட்டில் (கால் தரையை அழுத்தும் விசையை அளக்கும் தட்டு) கவுன்டர் மூவ்மென்ட் ஜம்ப் (சட்டென்று முழங்காலை மடக்கித் தாழ்ந்து உடனே மேலே குதிப்பது) எடுப்பதைப் பாருங்கள். கைகள் இடுப்பில் இருக்க வேண்டும். குதிக்குமுன் குறைந்தது 1 விநாடி ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும். உடல் எடை அந்த 1 விநாடியில்தான் பதிவாகிறது. வீரர் லேசாக அசைந்தாலும் எடை தப்பும். அதை வைத்துக் கணக்கிடும் வேகமும் உயரமும் கூடவே தப்பும். திரையில் எண் வந்துவிட்டது என்று குறித்துக்கொள்ளாமல், விசையைக் காட்டும் வரைகோட்டைப் பார்த்ததும் 'இது செல்லாது, மறுபடி குதி' என்று சொல்லும் கண் பழக வேண்டும். வீடியோ பார்த்து அது வராது. பக்கத்தில் நின்று திருத்த ஆள் வேண்டும்.

ஊர் திரும்பினால் பெரும்பாலும் பிளேட் இருக்காது. கவலை வேண்டாம், விநாடிக்கு 240 ஃபிரேம் எடுக்கும் போன் போதும். கால் தரையை விட்ட ஃபிரேமிலிருந்து தொட்ட ஃபிரேம் வரை நேரத்தை எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 9.81-ஆல் பெருக்கி, 8-ஆல் வகுத்தால் உயரம் மீட்டரில் வரும். 0.5 விநாடிக்குச் சுமார் 30.7 செ.மீ. ஒரு ஃபிரேம் தவறாக எண்ணினாலே அரை செ.மீ. மாறும் என்பதால் 1 செ.மீ. கூடியதை முன்னேற்றம் என்று எழுதிவிடக் கூடாது. முழங்காலை மடக்கி இறங்குகிறவருக்கு நேரம் நீண்டு உயரம் பொய்யாகக் கூடும்.

பாடத்தில் வரும் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் ரக்பியும் ஃபுட்பாலும்தான். அசைன்மென்டில் விளையாட்டைத் தேர்ந்தெடுக்க விட்டால் கபடியை எடுங்கள். 30 விநாடி ரெய்டு, மூச்சடக்கல், கணுக்காலைப் பிடித்து இழுக்கும்போது முழங்காலுக்கு வரும் ஆபத்து, 20 நிமிடப் பாதி ஆட்டம் என்று ஆராய அதில் நிறைய இருக்கிறது. ஊருக்கு வந்ததும் அப்படியே பயன்படும். பணகுடிப் பக்கம் வடலிவிளையில் பொங்கலுக்குத் தூக்கும் இளவட்டக்கல்லும் ஆய்வேட்டுக்கு அருமையான பொருள். கைப்பிடி இல்லாத உருண்டைப் பாறையைத் தூக்கும்போது முதுகு வளையாமல் தீராது. பார்பெல்லைத் தரையிலிருந்து தூக்கும் டெட்லிஃப்டில் முதுகு வளையக் கூடாது என்ற விதியை அங்கே அப்படியே பொருத்த முடியாது. பாளையங்கோட்டை மே மாத வெயிலில் அண்ணா விளையாட்டரங்கத்தில் எத்தனை மணிக்குப் பயிற்சியை நிறுத்துவது என்பதை மட்டும் எந்த பிரிட்டிஷ் வகுப்பும் உங்களுக்குச் சொல்லித்தராது.

பட்டம் வேறு, பயிற்சியாளர் அங்கீகாரம் வேறு. பிரிட்டனில் இத்துறைப் பயிற்சியாளர்களின் சங்கமான யூ.கே.எஸ்.சி.ஏ. தரும் அங்கீகாரத்துக்கு எழுத்துத் தேர்வு, பளுதூக்கல் செய்முறை, பிளையோமெட்ரிக் (துள்ளிக் குதிக்கும் பயிற்சி)–வேகப் பயிற்சிச் செய்முறை, கேஸ் ஸ்டடி எல்லாம் தனியாகத் தேற வேண்டும். அமெரிக்காவின் சி.எஸ்.சி.எஸ். என்ற பயிற்சியாளர் சான்றிதழ்த் தேர்வை இளநிலைப் பட்டமும் சி.பி.ஆர். (நின்றுபோன இதயத்தை இயக்கும் முதலுதவி) சான்றும் இருந்தால் எழுதலாம். இரண்டு பகுதி, மொத்தம் 4 மணி நேரம். கையில் காசு குறைவென்றால் முதலில் இதை எழுதுங்கள் என்பதே எங்கள் யோசனை. அரசுப் பள்ளி உடற்கல்வி வேலைதான் இலக்கு என்றால் இரண்டையும் விட்டுவிட்டு பி.பி.எட்., எம்.பி.எட். பக்கம் போங்கள்.

ஏஜென்ட்டுகள் வாய் திறக்காத விஷயம் ஒன்று உண்டு. மாணவர் விசாவில் ஸ்போர்ட்ஸ் கோச்சாக வேலை பார்க்கக் கூடாது, சுயதொழிலும் கூடாது. பகுதிநேரமாக ஜிம்மில் பயிற்சி கொடுத்துக் கட்டணத்தை அடைப்பேன் என்ற கணக்கு அங்கேயே உடைகிறது. பட்டப்படிப்பு மாணவருக்கு வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வரை கடை, ஹோட்டல் வேலைதான்.

விசாவுக்குக் காட்டும் பணம் வங்கியில் தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும். நஞ்சையின் மதிப்புச் சான்று அதற்கு ஈடாகாது. கல்விக்கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் வங்கி பொதுவாக அடமானம் கேட்கும். வீட்டுப் பத்திரத்தை எடுக்குமுன் அப்பா அம்மாவோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள். ஏற்கெனவே ஒரு அணியோடு வேலையில் இருப்பவர்களுக்கு ட்விக்கனம் செயின்ட் மேரிஸ் பல்கலைக்கழகம் போன்றவை நடத்தும் தொலைநிலை எம்.எஸ்சி. நல்ல வழி: விசா வேண்டாம், வீரர்கள் கைவசம் இருப்பார்கள். சோதனைக்கூடப் பழக்கம்தான் அதில் குறையும்.

முன்பணம் கட்டுமுன் பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சலில் மூன்று கேள்வி அனுப்புங்கள்: களப் பயிற்சி எத்தனை மணி நேரம், இடத்தை யார் பிடித்துத் தருவார்கள், அது மதிப்பெண்ணுள்ள பாடத்தின் பகுதியா. விசா விதியில் அந்தப் பயிற்சி செல்லுமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். மழுப்பலாகப் பதில் வந்தால் அடுத்த பல்கலைக்கழகத்தைப் பாருங்கள்.