கோடாங்கி உடுக்கையா, கார்டினால் மாத்திரையா?

எங்க அப்பத்தா காலத்துல மேலூர் பக்கம் யாருக்காச்சும் காக்கா வலிப்பு வந்தா மொதல்ல கையில இரும்பத் திணிப்பாங்க, சாவிக்கொத்து இல்லாட்டி பண்ணருவா, திரும்பத் திரும்ப வந்துச்சுன்னா கோடாங்கிகிட்ட கூட்டிட்டுப் போயி உடுக்கடிச்சு வேப்பிலை அடிப்பாங்க. எங்க சின்னத்தாவுக்கும் அதான் நடந்துச்சு, அந்த அருவா கிழிச்ச தழும்பு உள்ளங்கையில இன்னும் இருக்கு. பெரும்பாலான வலிப்பு 2, 3 நிமிசத்துல தானா நின்னுரும், அதனாலதான் இரும்பு கேட்ட மாதிரி தெரிஞ்சிருக்கு.

கார்டினால்ங்கிற பினோபார்பிட்டால் 1912லயே வலிப்புக்குன்னு வந்துருச்சு. சின்னத்தாவுக்கு அத ஆரம்பிச்ச பெறகுதான் கட்டுக்குள்ள வந்துச்சு, பகல்லயே தூக்கம் சொக்கும், ஆனா கெணத்தடிக்குத் தனியா போக முடிஞ்சுச்சு, அது எம்புட்டுப் பெரிய விசயம்னு அவுகளுக்குத்தான் தெரியும். மாத்திரைய மட்டும் நாமளா திடீர்னு நிப்பாட்டக் கூடாது, வலிப்பு இன்னும் மோசமா வரும்.

உடுக்கடிக்கையில சொந்தபந்தமெல்லாம் கூட நின்னுச்சு, அந்த ஆறுதல நான் மறுக்கல. ஆனா "பேய் புடிச்ச புள்ள"ங்கிற பேரும் அங்கதான் ஒட்டுச்சு, வந்த வரனெல்லாம் தட்டிப் போச்சு. இந்து திருமணச் சட்டத்துலயே வலிப்ப ஒரு தடையா வச்சிருந்து 1999லதான் எடுத்தாங்க.

என்னயக் கேட்டா மாத்திரைதான். வலிப்பு வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, வாயில எதையும் வைக்காதீங்க, 5 நிமிசம் தாண்டுனா 108க்குப் போன் போடுங்க.