குழியடிச்சான் அரிசி: மூன்று மாதம் சமைத்துப் பார்த்த பிறகு

சேலம் செவ்வாய்ப்பேட்டைக்கு வேறு வேலையாகப் போனபோது ஒரு சின்ன அரிசிக் கடையில் இதைப் பார்த்தேன். பொன்னி மூட்டைகளுக்கு நடுவில் சிவப்பு அரிசி ஒரு சாக்கு, அதன் மேல் அட்டையில் கையால் எழுதியிருந்தது: 'குழியடிச்சான், வேதாரண்யம் பக்கம்'. கிலோ 110 ரூபாய். வீட்டில் வாங்கும் பொன்னியைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. சரி, ஒரு கிலோ எடுத்துப் பார்க்கலாம் என்று ஆரம்பித்தது, இப்போது வாரத்தில் நாலு நாள் எங்கள் வீட்டில் இந்தச் சோறுதான்.

"ராத்திரியே ஊறப் போட்டுருங்க, இல்லைன்னா வேகவே வேகாதுங்க" என்று கடைக்கார அண்ணன் சொல்லித்தான் கொடுத்தார். அது அப்படியே உண்மை. ஒரு மணி நேரம் ஊறியதை ஐந்து விசில் விட்டும் நடுவில் நறுக்கென்று கடிபட்டது. எட்டு மணி நேரம் ஊறவைத்து, ஒரு டம்ளருக்கு நாலு டம்ளர் தண்ணீர் ஊற்றி, ஆறு விசில் விட்டு, அப்புறம் சிறு தீயில் பத்து நிமிடம் வைத்தால் பூப்போல வெடித்து வருகிறது. கழுவும்போது தண்ணீர் லேசாகச் சிவக்கும், தவிட்டின் நிறம் அது, பயப்பட வேண்டாம். போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். பொன்னிச் சோறு மாதிரி வழுக்கிக்கொண்டு இறங்காது. குட்டையாக, தடிப்பாக, மென்று சாப்பிட வேண்டிய சோறு. சாம்பாருக்குச் சுமார்தான். கருவாட்டுக் குழம்புக்கும் கீரைக் கடைசலுக்கும் அவ்வளவு பொருத்தம். ஆனால் இதன் ருசி முழுதாகத் தெரிவது மறுநாள் காலையில்தான். மண்சட்டியில் தண்ணீர் ஊற்றி வைத்த பழைய சோறு, இளஞ்சிவப்பாகத் தெளிந்து நிற்கும் நீராகாரம், இரண்டு சின்ன வெங்காயம், ஒரு மோர் மிளகாய். என் மாமியார் ஒரு வாய் குடித்துவிட்டு "சின்ன வயசுல குடிச்ச தண்ணி" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை, சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

சமைப்பதோடு நிறுத்திவிட்டால் இந்த அரிசிக்கு நியாயம் செய்ததாகாது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது நாகப்பட்டினம் கரையோர வயல்களில் கடல் நீர் ஏறி நின்றது. உப்பு ஏறிய மண்ணில் ஈரம் இருந்தாலும் வேரால் அதை உறிஞ்ச முடியாது, தண்ணீருக்குள் நின்றுகொண்டே பயிர் காயும். அங்கே இயற்கை வேளாண்மைக்காக உழைத்த நம்மாழ்வார் விவசாயிகளோடு சேர்ந்து வயலில் இறங்கினார். தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுது, மழைத் தண்ணீரைத் தேக்கி உப்பைக் கரைத்து வெளியேற்றி, மண்ணை மீட்டார்கள். உவர் தாங்கும் என்று அந்தக் கடலோரத்துக்காரர்களுக்குத் தலைமுறையாகத் தெரிந்த நெல் ரகங்களில் ஒன்றுதான் இந்தக் குழியடிச்சான். களர்பாலை இன்னொன்று, களர் என்றால் உவர் மண், அதன் பெயரிலேயே மண் இருக்கிறது. எந்த ஆய்வகத்திலிருந்தும் வந்த விதை இல்லை. அந்த மண்ணில் எது நின்றதோ அதை எடுத்து வைத்து, மறுபடி விதைத்து, அப்படியே கைமாறி வந்தது. திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில், பாரம்பரிய நெல் விதைகளைத் தேடிச் சேர்த்த நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் 2 கிலோ விதை வாங்கிப் போகிறவர் அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். விதை ஊர் ஊராகப் பரவியது இப்படித்தான்.

சுனாமி ஒரு நாளில் வந்து போய்விட்டது. இப்போது அந்தக் கரையில் நடப்பது மெதுவாக நடக்கிறது. கடல் மட்டம் உயர்கிறது, ஆற்றில் நல்ல தண்ணீர் குறையக் குறைய உப்பு நீர் நிலத்தடியில் உள்ளே நகர்கிறது. இதில் சேலத்துக்காரர்களான நமக்கு நேரடித் தொடர்பு உண்டு. நாம் குடிப்பது மேட்டூர்த் தண்ணீர், அதே காவிரி கடைசியாகப் போய்ச் சேர வேண்டியது அந்தக் கடைமடை வயல்களுக்கு. வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்க வேண்டிய அணை 2024 இல் ஜூலை 28 அன்றுதான் திறந்தது. நாம் குழாயைத் திறந்து பிடித்துக்கொள்கிறோம், அவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு எந்த நெல் தாங்கும் என்று கணக்குப் போடுகிறார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்து தென்னையெல்லாம் சாய்ந்த பிறகும் அந்தக் கணக்கை அவர்கள் விடவில்லை. அதனால் 110 ரூபாய் எனக்கு அதிகமாகத் தெரியவில்லை. வாங்க ஆள் இருந்தால்தான் அந்த நெல் வயலில் இருக்கும்.

குறைகளும் உண்டு. கல் இருக்கிறது, புடைத்துப் பார்க்காமல் போடாதீர்கள். எப்போது அரைத்தது என்று பையில் தேதி இல்லை. இரண்டாவது முறை வாங்கியதில் ஒரு மாதத்துக்குள் வண்டு வந்துவிட்டது. தவிடு நீக்காத அரிசி சீக்கிரம் கெடும், ஆகவே தேதி அவசியம் போட வேண்டும், இதைக் கடையில் சொல்லிவிட்டும் வந்தேன். எந்த ஊர், எந்த விவசாயி என்ற விவரமும் பையில் வேண்டும். சர்க்கரை நோய் தீரும் என்று சில இடங்களில் சொல்லி விற்கிறார்கள், அதை நம்பி யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். வேறு ஒரு கடையில் குழியடிச்சான் என்று வாங்கியது பாதி வெளுத்திருந்தது, பாலிஷ் போட்டிருந்தார்கள். அதில் இந்த ருசி துளியும் இல்லை. கையில் எடுத்துத் தேய்த்துப் பார்த்து, தவிடு முழுசாக ஒட்டியிருந்தால் மட்டும் வாங்குங்கள்.

அடுத்த லோடு தை அறுவடைக்குப் பிறகுதான் வருமாம். வீட்டில் மூன்று கிலோ மிச்சம் இருக்கிறது, வேப்பிலை போட்டு மூடி வைத்திருக்கிறேன்.